என்பு-தசை ஆராய்ச்சியும் அதன் பொருளியல் அடித்தளமும்

1

தமிழ் நூல்களைப் பயில்வோர் பாயிரத்தை முதலிற் படிப்பது வழக்கம். நூலாசிரியர் யார், நூல் எவ்வழி வந்தது, எங்கு வழங்குவது என்பவற்றோடு, அது எக்காலத்தில், எக்களத்தில், எக்காரணத்தால் இயற்றப்பட்டது என்பதையும் சிறப்புப்பாயிரம் கூறவேண்டுமெனக் கொண்ட ஒரு மரபு எம்மிடையே உண்டு. பவணந்தியாரின் நன்னூல் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளினால் எழுந்தது என்பதை அந்நூலின் சிறப்புப்பாயிரத்தாலேயே அறிகின்றோம். புரவலன் யார் என்னும் வினாவை எழுப்புவதனால் நூலின் பெருமை குன்றிவிடும் என்று எம் முன்னோர் கருதவில்லை.

இன்றைய விஞ்ஞான ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் ஒரு பாயிரம் உண்டு. ஆனால் அது முகப்பில் இடம்பெறுவதில்லை. கட்டுரையின் இறுதியில், மிகச் சிறிய எழுத்தில், நன்றியுரை என்ற பெயரில் ஒதுங்கிக் கிடக்கின்றது. எந்த அரசு நிறுவகத்தின் எத்தனையாவது இலக்க மானியத்தினால் ஆய்வு நடைபெற்றது, எந்தப் பொது ஆய்வுகூடம் இழைய வெட்டுமுகங்களைத் தயாரித்துக் கொடுத்தது, எந்தத் தொழில்நுட்பவியலாளர் உதவினார், எந்த மருந்துக் கம்பனியிடமிருந்து ஆய்வாளர் பணம் பெற்றுள்ளார் என்பன அங்கேதான் கூறப்படுகின்றன. வாசகர் பெரும்பாலும் அப்பகுதியைக் கடந்து சென்றுவிடுவர். இலக்கிய மாணவராகிய நாம் அதனையே இங்கு வாசிக்க முயல்கின்றோம்.

இம்முயற்சி புதியதன்று. 1931 இல் லண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டில், நியூற்றனின் பௌதிகத்துக்கு அவர் காலத்துச் சுரங்கத் தொழில், கப்பற் போக்குவரத்து, போர்க்கருவி உற்பத்தி ஆகியவற்றோடு இருந்த தொடர்பைச் சோவியத் அறிஞர் பொரிஸ் ஹெசன் எடுத்துக்காட்டினார். அவ்வுரையினால் ஆழமாகப் பாதிக்கப்பட்டவர்களுள் ஒருவரான ஜே. டி. பேர்னால், 1939 இல் வெளியிட்ட 'விஞ்ஞானத்தின் சமூகப் பணி' என்னும் நூலில், ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுக்கின்றனர், எவ்வளவு கொடுக்கின்றனர், அது எவ்வாறு செலவாகின்றது என்பவற்றை விஞ்ஞானத்துக்குப் புறம்பான செய்திகளாகக் கருதாது விஞ்ஞானத்தின் உள்ளமைப்பைச் சேர்ந்தனவாகவே ஆராய்ந்தார். அவர்கள் காட்டிய வழியில் ஒரு சிறு துறையினை, அதுவும் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும். துறை, என்பு-தசைத் தொகுதி பற்றிய ஆராய்ச்சி. இடம், ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம்.

2

என்புகள், மூட்டுக்கள், கசியிழையம், தசைகள், தசைநாண்கள் ஆகியவற்றைச் சேர்த்தே என்பு-தசைத் தொகுதி என்கின்றோம். மனிதன் உழைப்பது இத்தொகுதியினாலேயே. உழைப்பின் சுமை முதலிற் பதிவதும் இத்தொகுதியிலேயே. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 171 கோடி மக்கள் இத்தொகுதி சார்ந்த நோய்களோடு வாழ்கின்றனர். இவர்களுள் 57 கோடிப் பேர் வரை நாரிநோவினால் துன்புறுவோர். மனிதரை இயலாமைக்கு உள்ளாக்கும் காரணங்களுள் உலகளாவிய நிலையில் முதலிடம் பெறுவது நாரிநோவே.

எனினும் இந்நோய்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்படும் பணம் இவ்வளவுக்கு ஏற்றதாக இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் உலகிலேயே மருத்துவ ஆராய்ச்சிக்கு மிகக் கூடுதலான பொதுப்பணத்தை வழங்குவனவாகும். 2023 ஆம் நிதியாண்டில் அவற்றின் மொத்த வரவுசெலவு 4,700 கோடி டொலரை அண்மித்தது. அதிலே மூட்டழற்சி, என்பு-தசை, தோல் நோய்களுக்கென 1986 இல் தனியாக அமைக்கப்பட்ட நிறுவகம் பெற்றது 70 கோடி டொலருக்குச் சற்றுக் குறைவு. அதாவது நூற்றுக்கு ஒன்றரை. மெதுவாக முடமாக்கும் நோய்கள், விரைவாகக் கொல்லும் நோய்களைப்போல அரசுகளை அச்சுறுத்துவதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். முடமாகுபவர் பெரும்பாலும் உடலுழைப்பாளர் என்பது மற்றொரு காரணமென நாம் கருதுகின்றோம்.

3

பணம் எவ்வளவு என்பதைப் பார்த்தோம். அப்பணம் எதற்காக வேண்டப்படுகின்றது? என்பு ஆராய்ச்சியாளர் ஒருவர் தமது கையாலும் மூளையாலும் மட்டும் ஆராய்ச்சி செய்தல் இயலாது. என்பு கடினமான பொருள். ஏனைய இழையங்களை வெட்டுவதுபோல அதனை வெட்டுதல் இயலாது. ஒன்றில், அதிலுள்ள கல்சியத்தை இரசாயனக் கரைசலிலிட்டு வாரக்கணக்காகக் கரைத்தெடுக்கவேண்டும். அன்றேல், கல்சியத்தோடு கூடிய நிலையிலேயே அதனைப் பிளாத்திக்கில் உறையவைத்து, மிகக் கடினமான உலோகக் கத்தியாலோ வைர அலகினாலோ சீவவேண்டும். இதற்கான பொறியை வாங்குவதைவிட அதனைக் கையாளத் தெரிந்த ஒருவரை வைத்திருப்பதே கடினம். ஒரு நல்ல வெட்டுமுகத்தைப் பெறும் கைப்பழக்கம் ஆண்டுகள் பல சென்ற பின்னரே வாய்க்கும்.

இதனோடு வேறு பலவும் வேண்டும். என்பின் உட்கட்டமைப்பை முப்பரிமாணத்திற் காட்டும் நுண் ஊடுகதிர்க் கணனி வரைவி, என்பு எவ்வளவு சுமையில் முறிகின்றது என்பதை அளக்கும் பொறி, பரம்பரையலகு மாற்றப்பட்ட சுண்டெலிகளை வளர்க்கும் விலங்குக் கூடம், தரவுகளைக் கணிக்கும் புள்ளிவிபரவியலாளர், மானிய விண்ணப்பத்தின் வரவுசெலவைத் தயாரிக்கும் அலுவலர், விலங்குகளையும் நோயாளரையும் ஆய்வுக்குட்படுத்த அனுமதி வழங்கும் குழுக்கள் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியதே 'ஆராய்ச்சி ஆதரவுச் சேவை' என்னும் தொடர். ஆதரவு என்னும் சொல் இவற்றைப் பக்கத்துணையாகக் காட்டுகின்றது. உண்மையில் இவை ஆராய்ச்சியின் உற்பத்திச் சாதனங்களாகும்.

இச்சாதனங்கள் எங்கிருந்து வந்தன என்ற வினா எம்மை மிச்சிகனுக்கு இட்டுச்செல்கின்றது. டெற்றொயிற் நகரில் 1915 இல் ஹென்றி போர்ட் ஒரு மருத்துவமனையை நிறுவினார். அதற்கு ஈராண்டுகளின் முன்னர்தான், 1913 இல், அந்நகரை அடுத்த ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் அவரது நகரும் பொருத்துநிரை இயங்கத் தொடங்கியிருந்தது. 1960 களில் அந்த மருத்துவமனையில் பணியாற்றிய ஹரோல்ட் புரொஸ்ட், என்பினைக் கணியமுறையில் அளக்கும் துறையைக் கட்டியெழுப்பினார். நோயாளிக்கு இருமுறை, சிலநாள் இடைவெளியில், ரெற்றாசைக்கிளின் மருந்தினைக் கொடுத்தால், அது புதிதாக உருவாகும் என்பிலே இரு ஒளிர்கோடுகளாகப் படியும். அக்கோடுகளிடையேயுள்ள தூரம், என்பு எவ்வளவு விரைவாக வளர்கின்றது என்பதைக் காட்டிவிடும். உயிருள்ள மனிதனின் என்பு வளர்ச்சியை அளப்பதற்கு இன்றும் இம்முறை பயன்படுகின்றது.

இரண்டாவது சாதனத்தின் பிறப்பு இன்னும் தெளிவான பாடத்தைத் தருகின்றது. 1980 களின் முற்பகுதியில் போர்ட் மோட்டார் கம்பனியின் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த லீ பெல்ட்காம்ப் என்னும் பௌதிகவியலாளர், மோட்டார் எஞ்சின்களிற் பயன்படுத்தக் கருதப்பட்ட மட்பாண்டவகைப் பகுதிகளில் உள்வெடிப்புக்கள் உளவா என்பதை உடைக்காமல் அறிவதற்கு ஒரு வழி தேடினார். கூம்புவடிவ ஊடுகதிரைக் கொண்டு பொருளின் முப்பரிமாண உருவை மீளக் கட்டும் கணிதமுறையைப் பெல்ட்காம்பும் அவரோடு பணிபுரிந்தோரும் 1984 இல் வெளியிட்டனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஸ்ரீவன் கோல்ட்ஸ்ரீனும், ஹென்றி போர்ட் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவரோடு இணைந்து, அதே முறையினால் மனித என்பின் உள்வலைப்பின்னலைப் படமெடுத்து 1989 இல் வெளியிட்டனர். இன்று உலகின் என்பு ஆய்வுகூடங்களிற் பெரும்பாலானவற்றில் இயங்கும் நுண்வரைவிகள் இவ்வழி வந்தவை.

எஞ்சின் உற்பத்தியின் தேவையிலிருந்து என்பியலின் கருவி பிறந்தது. ஹெசன் நியூற்றனைப் பற்றிக் கூறியதை இங்கு நாம் வலிந்து பொருத்தவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பொருளியற் தேவை தானாகவே விஞ்ஞானமாகிவிடவில்லை என்பதையும் குறிப்பிடல்வேண்டும். தொழிற்சாலையின் ஆய்வுகூடம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் ஒரு மணிநேரப் பயணத்துள் அடங்கியிருந்தன. அவற்றிடையே மனிதர் போய்வரக்கூடியதாகவும் இருந்தது. அடித்தளத்துக்கும் மேற்கட்டுமானத்துக்கும் இடையிலுள்ள உறவை இயந்திரகதியில் விளக்க முயல்வோர் இத்தகைய இடைநிலைகளைக் காணத் தவறுகின்றனர்.

4

இனி, பல்கலைக்கழகத்துக்குப் பணம் வரும் வழியை நோக்குவோம். ஆய்வாளர் ஒருவர் தமது திட்டத்தை எழுதித் தேசிய சுகாதார நிறுவகங்களுக்கு விண்ணப்பிக்கின்றார். துறைசார்ந்த ஏனைய விஞ்ஞானிகள் கூடி அதற்குப் புள்ளி இடுகின்றனர். அண்மைய ஆண்டுகளில் விண்ணப்பங்களுள் ஐந்தில் ஒன்று அளவிலேயே மானியம் பெற்றுள்ளது. வழமையான திட்ட மானியமொன்றுக்கு, விரிவான கணக்கு விபரமின்றி எளிய முறையில் கோரக்கூடிய நேரடிச் செலவின் உச்ச எல்லை ஆண்டொன்றுக்கு இரண்டரை இலட்சம் டொலர் என 1999 இல் வகுக்கப்பட்டது. கால்நூற்றாண்டின் பின்னரும் அத்தொகை அவ்வாறே இருந்தது. அதன் வாங்குதிறனோ அதற்குள் ஏறத்தாழ அரைவாசியாகிவிட்டது. 1980 இல் தமது முதல் மானியத்தைப் பெற்ற ஆய்வாளர் சராசரியாக முப்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தனர். இன்று அவ்வயது நாற்பதைக் கடந்துவிட்டது.

ஒரு தனி மானியம் இவ்வாறு சுருங்கியபோது, மேலே கூறிய பொறிகளையும் ஆட்களையும் ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியே வைத்திருத்தல் இயலாததாயிற்று. இம்முரண்பாட்டுக்குக் கண்ட விடையே 'மைய நிலையம்' என்னும் ஏற்பாடாகும். இவ்வகை மானியம் எந்தவோர் ஆய்வுத் திட்டத்துக்கும் நேரடியாக வழங்கப்படுவதன்று. பலர் பயன்படுத்தும் பொது ஆய்வுகூடங்களைப் பேணுவதற்கே வழங்கப்படுகின்றது. சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் 2009 இல் இவ்வாறான என்பு-தசை ஆராய்ச்சி நிலையமொன்று தொடங்கப்பட்டது. பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் ஒன்று அமைந்தது. வெட்டுமுகத் தயாரிப்பு, படமெடுத்தல், வலிமை அளவீடு முதலியன ஒவ்வொன்றும் ஒரு பிரிவாக இயங்கும். அங்கத்தவர் தமக்கு வேண்டிய சேவையைக் கட்டணம் செலுத்திப் பெறுவர். அரசுப் பணத்தினாற் செலுத்தப்படும் இக்கட்டணத்தில் செலவுக்கு மேலாக இலாபம் வைத்தலாகாது என்பது விதி. புதிய கருத்தொன்றைச் சோதித்துப் பார்க்க விரும்பும் இளையோருக்குச் சிறு தொகையான முன்னோடி மானியமும் இத்தகைய நிலையங்கள் ஊடாக வழங்கப்படுவதுண்டு.

இவ்வேற்பாட்டை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். உற்பத்திச் சாதனம் தனியொருவருக்குரியதன்று. பலர் அதனைப் பொதுவிற் பயன்படுத்துகின்றனர். கட்டணம் செலவின் அளவினதே. அனுபவசாலியின் கைப்பழக்கம் எல்லோருக்கும் கிட்டுகின்றது. முதலாளித்துவத்தின் மிக வலுவான நாட்டிலே, அதன் பல்கலைக்கழகத்தின் உள்ளே, கூட்டு உற்பத்தியின் ஒரு சிறு வடிவம் தேவையின் நெருக்குதலினாலேயே தோன்றியுள்ளது. அங்குள்ளோர் இதனை இப்பெயரால் அழைப்பதில்லை.

எனினும் இதன் எல்லையும் தெளிவானது. மைய நிலையத்துக்கு விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே மானியம் பெற்ற ஆய்வாளர் பலர் இருத்தல் வேண்டும். மானியம் இருப்பின் நிலையம் கிட்டும். நிலையம் இருப்பின் மேலும் மானியம் கிட்டும். விஞ்ஞான உலகில் உடையோருக்கே மேலும் சேரும் இவ்வியல்பினைச் சமூகவியலாளர் ரொபேட் மேற்றன் 1968 இல், விவிலியத்தின் மத்தேயு நற்செய்தியிலிருந்து பெயர் எடுத்து, மத்தேயு விளைவு என்றார். சிறிய பல்கலைக்கழகத்து ஆய்வாளருக்கு அந்தப் பொறியின் கதவு திறப்பதில்லை.

மற்றொரு பணவழி 'மறைமுகச் செலவு' எனப்படுவதாகும். மின்சாரம், கட்டிடம், விலங்குக் கூடம், கணக்காளர், அனுமதிக் குழு ஆகியவற்றின் செலவை எந்தவோர் ஆய்வின் தலையிலும் தனியே ஏற்றுதல் இயலாது. ஆகவே நேரடிச் செலவின் மீது ஒரு குறித்த விகிதத்தை அரசு பல்கலைக்கழகத்துக்கு மேலதிகமாக வழங்குகின்றது. பேச்சுவார்த்தை மூலம் தீர்மானிக்கப்படும் அவ்விகிதம் சில இடங்களில் ஐம்பது சதவீதத்தையும் தாண்டும். 2023 இல் தேசிய சுகாதார நிறுவகங்கள் வழங்கிய ஏறத்தாழ 3,500 கோடி டொலர் மானியத்தில் 900 கோடி இவ்வகையிற் சென்றது. இப்பணத்திற் பல்கலைக்கழக நிருவாகங்கள் வீண்செலவு செய்ததில்லை என்று நாம் வாதாட வரவில்லை. அத்தகைய முறைகேடுகள் வெளிப்பட்டதன் பின்னரே 1991 இல் நிருவாகப் பகுதிக்கு 26 சதவீதம் என்ற உச்ச எல்லை விதிக்கப்பட்டது.

5

சாதனங்களைப் பற்றிக் கூறினோம். அவற்றை இயக்குவோரைப் பற்றியும் கூறல்வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் றொபேட் பொயிலின் ஆய்வுகூடத்தில் உண்மையிற் பரிசோதனைகளைச் செய்தோர் பெயரற்றுப் போனமையை ஸ்ரீவன் ஷேப்பின் 1989 இல் எழுதிய கட்டுரையொன்றிற் காட்டினார். மூன்று நூற்றாண்டுகளின் பின்னரும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. வெட்டுமுகத்தைச் சீவியவர் பெரும்பாலும் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இடம்பெறுவதில்லை. நன்றியுரையில் இடம்பெற்றால் அது பெரிது. அவரது சம்பளம் மானியத்திலிருந்து வருவதாயின், மானியம் புதுப்பிக்கப்படாத ஆண்டில் அவரது வேலையும் இல்லை. அவரோடு போய்விடுவது, எந்த நூலிலும் எழுதப்படாத அந்தக் கைப்பழக்கம்.

ஆய்வு மாணவரின் நிலையும் இவ்வாறானதே. அவர் கற்பவரா, உழைப்பவரா என்பது மிச்சிகனில் நீண்டகாலமாகவே சர்ச்சைக்குரிய விடயமாக இருந்துவந்தது. அங்கு விரிவுரை உதவியாளராகிய பட்டப்பின் மாணவர் 1975 இல் வேலைநிறுத்தம் செய்து தமது சங்கத்தின் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றனர். ஆனால் ஆய்வு உதவியாளராகப் பணிபுரிவோர் 'ஊழியர்' அல்லர் எனக் கூறி அவர்களது சங்க உரிமையை மறுக்கும் சட்டமொன்றினை 2012 இல் மாநில சட்டசபை நிறைவேற்றியது. அத்தடை பின்னர் நிலைக்கவில்லை. எனினும், ஆய்வுகூடத்தில் நடைபெறுவது உழைப்பு என்பதை ஒப்புக்கொள்ள ஆளுவோர் எவ்வளவு தயங்கினர் என்பதற்கு அச்சட்டமே சான்றாகும்.

6

யாருடைய என்பு ஆராயப்படுகின்றது என்பது எமது அடுத்த வினா. பொருத்துநிரையில் ஒரே அசைவை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை செய்யும் தொழிலாளியின் தோளும் மணிக்கட்டும் நாரியும் எவ்வாறு தேய்கின்றன என்பதும் என்பு-தசை ஆராய்ச்சியேயாகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பணிச்சூழலியல் நிலையம் இத்துறையில் முன்னின்றது. 1980 களில் போர்ட் கம்பனியும் ஐக்கிய மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கமும் இணைந்து, தொழிலாளியின் உடலுக்கு ஏற்ப வேலையை மாற்றியமைக்கும் திட்டமொன்றினை மேற்கொண்டபோது அதற்கான அறிவை அந்நிலையத்தினர் வழங்கினர். தொழிலாளர் பாதுகாப்புக்கான தேசிய நிறுவகம் 1981 இல் வெளியிட்டு, 1991 இல் திருத்திய பாரந்தூக்கற் சமன்பாடு, மிகச் சாதகமான நிலைமையிற்கூட 23 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தைக் கையால் தூக்கச்செய்தல் தகாதென வரையறுத்தது.

இவ்வறிவுக்கு நேர்ந்தது என்ன? இருபது ஆண்டுகால ஆய்வின் அடிப்படையில், வேலைத்தலங்களில் இத்தகைய உடற்சேதத்தைத் தடுக்கும் கடப்பாட்டை முதலாளிமார்மீது சுமத்தும் விதிமுறை 2000 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிடப்பட்டது. 2001 ஜனவரியில் அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வறிக்கையும் வேலைக்கும் இந்நோய்களுக்கும் இடையேயுள்ள தொடர்பை உறுதிப்படுத்தியது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், தொழில் அதிபர் சங்கங்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, காங்கிரஸ் அவ்விதிமுறையை இரத்துச்செய்தது. ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்டார். நடைமுறைக்கு வந்து சில மாதங்கூட ஆகவில்லை.

இரு அறிவுகளின் கதியை ஒப்புநோக்குக. எஞ்சின் பகுதியின் வெடிப்பைக் காணும் முறை, பொறியாகி, விற்பனைப் பண்டமாகி, உலகெங்கும் பரவியது. தொழிலாளியின் முதுகு முறியாமற் காக்கும் முறை சட்டமாக முயன்றபோது கிழித்தெறியப்பட்டது. முன்னையதில் இலாபம் இருந்தது. பின்னையது இலாபத்தில் ஒரு பங்கைக் கேட்டது. இரண்டும் நல்ல விஞ்ஞானமே. எந்த அறிவு பெருகும், எந்த அறிவு நூலகத்தில் உறங்கும் என்பதை அதன் உண்மைத்தன்மை மட்டும் தீர்மானிப்பதில்லை.

7

விளைபொருள் யாருக்குரியது என்ற வினாவுக்கு மிச்சிகனுக்கு வெளியே ஒரு சான்றினைச் சுருக்கமாகக் காட்டுவோம். முடக்குவாதத்தின் சிகிச்சையை மாற்றியமைத்த கண்டுபிடிப்பு, அரசு நிறுவகமொன்றிலன்றி, நன்கொடையினால் 1965 இல் லண்டனில் நிறுவப்பட்ட கெனடி வாதநோய் ஆராய்ச்சி நிறுவகத்தில் நிகழ்ந்தது. மார்க் பெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோர் தலைமையிலான குழுவினர், நோயாளரின் மூட்டிலிருந்து பெற்ற இழையத்தை வளர்த்து ஆராய்ந்து, கட்டி நசிவுக் காரணி எனப்படும் புரதத்தைத் தடுத்தால் அழற்சி தணியும் என்பதை 1989 அளவிற் கண்டனர். பியொனூலா பிரெனன் அக்கட்டுரையின் முதலாசிரியர். 1992 இல் சாரிங் குரொஸ் மருத்துவமனையில் முதல் நோயாளருக்கு இப்புரதத்தின் பிறபொருளெதிரி செலுத்தப்பட்டது. அம்மருந்தோ, அமெரிக்கக் கம்பனியொன்று வேறொரு நோய்க்கெனத் தயாரித்து வைத்திருந்தது.

பல இலட்சம் மனிதரின் மூட்டுக்கள் இதனாற் காப்பாற்றப்பட்டன என்பதை மறுப்போர் இலர். ஆனால் இவ்வகை மருந்துகளுள் ஒன்றான அடலிமுமாப் 2022 இல் மட்டும் 2,000 கோடி டொலருக்கு மேல் விற்பனையாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட ஆக்கவுரிமைகளால் வேலியிடப்பட்ட அதற்கு அமெரிக்கச் சந்தையில் 2023 வரை போட்டியே இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. ஓராண்டில் ஒரு மருந்து ஈட்டிய பணம், என்பு-தசை நோய்களுக்கான அமெரிக்க நிறுவகத்தின் முழு ஆண்டு வரவுசெலவைப்போல முப்பது மடங்காகும். அரசு மானியத்தினாற் பெறப்பட்ட கண்டுபிடிப்புக்களுக்குப் பல்கலைக்கழகங்கள் ஆக்கவுரிமை பெற்றுக் கம்பனிகளுக்கு வழங்கலாமென ஐக்கிய அமெரிக்கா 1980 இல் சட்டமியற்றியதன் பின்னர் இப்போக்கு அங்கு விதியாகவே மாறிவிட்டது. உற்பத்தி கூட்டாக நடைபெறுகின்றது. பயன் தனியாக அபகரிக்கப்படுகின்றது என்னும் பழைய கூற்று இங்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றது.

8

இவ்வளவும் கூறியபின், அண்மையில் நிகழ்ந்த ஒன்றைப்பற்றி எமது நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்துதல் கடமையாகும். 2025 பெப்ரவரியில் அமெரிக்க அரசு, மறைமுகச் செலவு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் 15 சதவீதமே என ஓரிரவில் அறிவித்தது. நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அதே ஆண்டு வரவுசெலவு முன்மொழிவில், என்பு-தசை நோய்களுக்கான தனி நிறுவகத்தை இருதயம், சிறுநீரகம் முதலியவற்றுக்கான நிறுவகங்களோடு ஒன்றாக்கும் யோசனையும் இடம்பெற்றது. பாரந்தூக்கற் சமன்பாட்டை வகுத்த தொழிலாளர் பாதுகாப்பு நிறுவகத்தின் பெரும்பாலான ஊழியருக்கு அவ்வாண்டு ஏப்பிரலில் வேலைநீக்க அறிவித்தல் அனுப்பப்பட்டது. பின்னர் ஒரு பகுதியினர் மீள அழைக்கப்பட்டனர்.

பல்கலைக்கழக நிருவாகத்தின் கொழுப்பை வெட்டுகின்றோம் என்பதே அரசு கூறிய நியாயம். முற்போக்காளருட் சிலரும் இதனைக் கேட்டு மகிழக்கூடும். நிருவாகங்கள்மீது அவர்களுக்குள்ள வெறுப்பு நியாயமற்றதன்று. ஆனால் மேலே நாம் விரித்துரைத்தவற்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். மறைமுகம் எனப்படும் அச்செலவிலேதான் விலங்குக் கூடத்தின் காவலாளியும், கணக்கெழுதுபவரும், நோயாளியைக் காக்கும் அனுமதிக் குழுவும், பொது ஆய்வுகூடத்தின் கட்டிடமும் மின்சாரமும் அடங்கியுள்ளன. உபவேந்தரின் மாளிகை கடைசியாகவே வெட்டப்படும். வெட்டுமுகம் தயாரிப்பவர் முதலில் வெளியேற்றப்படுவார். அவ்விடத்தை நிரப்ப வருவது மருந்துக் கம்பனியின் பணமாகவே இருக்கும். அப்பணம் எந்த வினாவைக் கேட்கும், எதனைக் கேட்காது என்பதை ஆறாம் பகுதியிற் கண்டோம்.

ஆகவே கொள்ளவேண்டிய நிலைப்பாடு இரட்டைத்தன்மையுடையது. பொதுப்பணத்தில் இயங்கும் பொதுச் சாதனத்தைக் காத்தல் வேண்டும். அதே வேளை, அதனைக் காப்பதோடு நின்றுவிடாது, சாதனம் சிறிய பல்கலைக்கழகங்களுக்கும் திறக்கப்படவும், அதனை இயக்குவோரின் வேலை நிலையானதாக்கப்படவும், அதன் விளைபொருள் பொதுவுடைமையாகவும், உழைப்பவரின் உடல் ஆய்வின் மையத்துக்கு வரவும் குரல் எழுப்புதல் வேண்டும். முன்னையதை மட்டும் கூறுவோர் இருக்கும் அமைப்பின் காவலராகின்றனர். பின்னையதை மட்டும் கூறுவோர் கையிலுள்ளதையும் இழந்துவிடுகின்றனர்.

நன்னூலின் பாயிரம் சீயகங்கனின் பெயரைக் கூறுகின்றது. அந்நூலுக்கான ஏட்டினை வாரியவர் பெயரையோ, படியெடுத்தவர் பெயரையோ அது கூறவில்லை. விஞ்ஞானக் கட்டுரையின் சிறிய எழுத்துக்கள் அவ்வகையில் ஒரு படி முன்னேறியவை. படியெடுத்தோருக்கும் அவற்றில் ஓரளவு இடமுண்டு. ஆனால் கண்டறியப்பட்டதனை யார் விலைக்கு விற்கின்றனர், யார் வாங்க இயலாது நிற்கின்றனர் என்பன அங்கும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத அப்பகுதியையும் சேர்த்து வாசிக்கப் பழகுதல், இலக்கியம் பயில்வோர் விஞ்ஞானத்துக்குச் செய்யக்கூடிய ஒரு பணி என்பதே எமது கருத்தாகும்.